பெயர் மாறினாலும் நண்பன்தான்: நெல் வயல் ஓநாய் சிலந்தி

நெல் தூர்களை விலக்கிப் பார்த்தால், தண்ணீரின் மேல் ஓடி அடுத்த குத்துக்குப் போகும் பழுப்பு நிறச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஓநாய் சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்காமல், இரையை விரட்டிப் பிடிக்கும். புகையான், தத்துப்பூச்சி என ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும்.

இரண்டு பெயர் ஏன்?

பழைய கையேடுகளில் இதன் அறிவியல் பெயர் 'லைக்கோசா சூடோஅனுலேட்டா'. புதிய நூல்களில் 'பார்டோசா சூடோஅனுலேட்டா'. இரண்டும் ஒரே சிலந்திதான். 1906-ல் ஜப்பானியச் சிலந்திகளை ஆராய்ந்தவர்கள் இதை 'டாரன்டுலா' என்ற பேரினத்தில் வைத்தார்கள். பிறகு லைக்கோசாவுக்கும், அங்கிருந்து பார்டோசாவுக்கும் மாற்றப்பட்டது.

ஓநாய் சிலந்திகளை நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தை உறுதி செய்ய வேண்டும். குஞ்சுகளில் அது முடியாது. ஓரிரு மாதிரிகளை மட்டும் வைத்துப் பெயரிட்ட அரிய இனங்களும் நம் நாட்டில் உண்டு. ஆண், பெண் இரண்டும் கிடைத்து ஒப்பிடும் வரை அவற்றின் இடம் உறுதியாகாது.

வயலில் என்ன பார்க்க வேண்டும்?

பெயர் தெரியாவிட்டாலும் அடையாளம் காணலாம். முதுகின் முன்பகுதியில் கவை போன்ற வெளிர் கோடு இருக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டிச் சுமக்கும். பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும்.

மருந்து தெளிக்கும் முன் இதைக் கணக்கெடுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தாலே பொருளாதாரச் சேத நிலை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் அந்த அளவு தூருக்கு 2 புகையான். அதாவது, சிலந்தியை எண்ணாமல் தெளித்தால், தேவையில்லாத ஒரு தெளிப்புக்குச் செலவு செய்திருக்கலாம். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கவும். அவை சிலந்திகளைக் கொல்லும். புகையான் மீண்டும் பெருகும்.

வழக்கத்துக்கு மாறான சிலந்தி தென்பட்டால், படத்தோடு நிறுத்தாமல், வளர்ந்த சிலந்தி ஒன்றைச் சிறு புட்டியில் பிடித்து, ஊர், தேதி, பயிர் எழுதி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். அரிய இனங்களின் குழப்பம் தீர, இத்தகைய மாதிரிகளே தேவை.