இரட்டை வரைகலை அட்டை முறை

இரட்டை வரைகலை அட்டை முறை என்பது ஒரே கணினியில் இரண்டு வரைகலை அட்டைகளைப் பொருத்தி, ஒரு வேலையை அவற்றுக்கிடையே பகிர்ந்து செய்விக்கும் முறையாகும். என்விடியா நிறுவனத்தின் எஸ்எல்ஐ, ஏஎம்டி நிறுவனத்தின் கிராஸ்ஃபயர் ஆகியன இதன் பரவலாக அறியப்பட்ட வடிவங்கள். கணினியின் வரைகலைத் திறன் போதாமற் போகும்போது பயனருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இருக்கும் அட்டையைப் போன்ற இன்னொன்றை வாங்கிச் சேர்ப்பது. மற்றொன்று, பழைய அட்டையை அகற்றிவிட்டு ஆற்றல் மிக்க ஒரு புதிய அட்டையை வாங்குவது. கணினி விளையாட்டுகளைப் பொறுத்தவரை முதல் வழி இன்று ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. முப்பரிமாணக் காட்சியாக்கம், இயந்திரக் கற்றல் போன்ற கணிப்பு வேலைகளில் அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

வரலாறு

1998 இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ2 அட்டை, இம்முறையைத் தனிநபர் கணினிப் பயனரிடையே பரவலாக்கியது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஓர் அட்டையும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரைந்தன. தனித்து இயங்கும்போது 800×600 படப்புள்ளிகள் வரை காட்டிய வூடூ2, இரண்டாக இணைந்தபோது 1024×768 வரை காட்டியது. 1999 இல் ஏடிஐ நிறுவனம் ஒரே அட்டையில் இரண்டு வரைகலைச் செயலிகளைக் கொண்ட ரேஜ் ஃபியூரி மேக்ஸை வெளியிட்டது.

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் சொத்துகளில் பெரும்பகுதியை வாங்குவதாக என்விடியா 2000 டிசம்பரில் அறிவித்தது. பின்னர் 2004 இல், பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய்களின் வருகையை ஒட்டி, ஜிஃபோர்ஸ் 6 வரிசை அட்டைகளுடன் எஸ்எல்ஐ என்ற பெயரை மீண்டும் பயன்படுத்தியது. மூன்றெழுத்துச் சுருக்கம் பழையதாயினும் அதன் விரிவும் தொழில்நுட்பமும் வேறானவை. 2005 இல் ஏடிஐ தன் கிராஸ்ஃபயர் முறையை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. தொடக்கத்தில் கிராஸ்ஃபயருக்குத் தனியான முதன்மை அட்டையும் வெளிப்புற இணைப்பு வடமும் தேவைப்பட்டன. 2013 இல் வெளிவந்த ரேடியான் ஆர்9 290 வரிசையில் இணைப்பு வடம் தேவையற்றுப் போயிற்று.

செயல்படும் விதம்

இரு அட்டைகளுக்கு வேலையைப் பிரித்தளிக்க முதன்மையாக இரண்டு வழிகள் பயன்பட்டன.

- சட்டப் பிரிப்பு: ஒவ்வொரு படச்சட்டமும் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அட்டையும் ஒரு பகுதியை வரையும்.
- மாற்றுச் சட்ட முறை: முதற் படச்சட்டத்தை ஓர் அட்டையும் அடுத்ததை மற்றதும் மாறிமாறி வரையும்.

இரண்டாவது முறையே கூடுதல் வேகம் தந்ததால் அதுவே பெரிதும் பயன்பட்டது. எனினும் இது தானாக நிகழ்வதன்று. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏற்ற அமைப்புகளை அட்டை நிறுவனம் தன் இயக்கி மென்பொருளில் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு சேர்க்கப்படாத விளையாட்டில் இரண்டாம் அட்டை வேலையின்றி இருக்கும்.

நினைவகம்

இரட்டை அட்டை முறையில் பரவலாக நிலவிய தவறான கருத்து, இரு அட்டைகளின் நினைவகமும் கூட்டப்படும் என்பதாகும். மாற்றுச் சட்ட முறையில் ஒவ்வோர் அட்டையும் முழுக் காட்சியையும் வரைய வேண்டியிருப்பதால், காட்சிக்குத் தேவையான மேற்பரப்புப் படங்கள், வடிவங்கள் அனைத்தின் படியும் இரண்டிலும் இருக்க வேண்டும். ஆகவே 4 கிகாபைட்டு கொண்ட இரண்டு அட்டைகள் சேர்ந்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 4 கிகாபைட்டே. 2012 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 690 அட்டையில் 4 கிகாபைட்டு எனக் குறிக்கப்பட்டிருந்தது, அதன் இரு செயலிகளுக்கும் தலா 2 கிகாபைட்டு என்பதன் கூட்டுத்தொகையாகும்.

இதனால், நினைவகப் பற்றாக்குறையே கணினி தடுமாறக் காரணமாயின், அதே வகை அட்டையை இன்னொன்று சேர்ப்பதால் அக்குறை தீராது.

சட்டங்களின் சீரின்மை

ஒரு நொடியில் காட்டப்படும் படச்சட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே இம்முறையின் பயனை அளக்கப் போதுமானதன்று. ஓர் அட்டை நொடிக்கு 30 சட்டங்கள் வரைந்தால், சட்டங்களுக்கிடையே ஏறத்தாழ 33 மில்லிநொடி இடைவெளி இருக்கும். இரண்டு அட்டைகள் நொடிக்கு 60 சட்டங்கள் வரைந்தால் இடைவெளி ஏறத்தாழ 17 மில்லிநொடியாக இருத்தல் வேண்டும். ஆனால் இரு அட்டைகளும் சீராக ஒத்திசையாவிடில், ஓர் இடைவெளி 5 மில்லிநொடியாகவும் அடுத்தது 28 மில்லிநொடியாகவும் அமையக்கூடும். சராசரி 60 என்றே காட்டும். கண்ணுக்கோ காட்சி 30 சட்டங்களுக்குச் சற்று மேலாக மட்டுமே தோன்றும். இக்குறை நுண்தடுமாற்றம் எனப்படுகிறது.

2011 முதல் சில வன்பொருள் ஆய்வாளர்கள் சராசரியை விடுத்து ஒவ்வொரு சட்டத்தின் நேரத்தையும் அளக்கத் தொடங்கினர். இதன் பின்னரே இக்குறை பரவலாக வெளிப்பட்டது. 2013 இல் ஏஎம்டி, சட்டங்களைச் சீரான இடைவெளியில் வெளியிடும் வசதியைத் தன் இயக்கி மென்பொருளில் சேர்த்தது.

மேலும், மாற்றுச் சட்ட முறையில் ஒவ்வொரு சட்டத்தையும் ஓர் அட்டையே முழுமையாக வரைவதால், ஒரு சட்டம் உருவாக எடுக்கும் நேரம் குறைவதில்லை. எனவே விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம், எண்ணிக்கை உயர்ந்த அளவுக்குக் குறையவில்லை.

பிற தேவைகள்

மின்சாரம்: பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட்டும், 6 முனை இணைப்பி 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் வழங்கும்படி வரையறுக்கப்பட்டவை. இரண்டாம் அட்டைக்குப் போதிய இணைப்பிகள் இல்லாத மின்வழங்கியையும் மாற்ற நேர்ந்தால், அதன் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

தாய்ப்பலகை: இரண்டு நீளமான செருகுவாய்களும் அவற்றுக்கிடையே போதிய இடைவெளியும் தேவை. சாதாரணத் தாய்ப்பலகைகளில் 16 தடங்கள் இரண்டு எட்டாகப் பிரிக்கப்பட்டன. எஸ்எல்ஐ முறைக்கு என்விடியாவின் உரிமம் பெற்ற தாய்ப்பலகையும் தேவைப்பட்டது.

வெப்பம்: அடுத்தடுத்துப் பொருத்தப்பட்ட அட்டைகளில் மேலுள்ளது, கீழுள்ளது வெளியேற்றும் சூடான காற்றை உள்ளிழுக்கும். வெப்பம் எல்லை மீறினால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மையச் செயலி: மையச் செயலியால் நொடிக்கு 60 சட்டங்களுக்கான கட்டளைகளையே தயாரிக்க முடியுமாயின், எத்தனை அட்டைகள் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

2014 இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 970 அட்டையை வைத்திருந்த ஒருவர் 2016 இல் எதிர்கொண்ட தெரிவு, இச்சிக்கலைத் தெளிவாக விளக்கும். இன்னொரு 970 அட்டையைச் சேர்ப்பது அல்லது அவ்வாண்டு வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1070 அட்டைக்கு மாறுவது என இரு வழிகள் அவருக்கு இருந்தன.

970 அட்டைகள் இரண்டின் வரையறுக்கப்பட்ட மின்தேவை 290 வாட்டு. 1070 இன் மின்தேவை 150 வாட்டு. 970 இன் நினைவகம் 4 கிகாபைட்டு, அதிலும் 3.5 கிகாபைட்டு மட்டுமே முழு வேகத்தில் இயங்கியது. 1070 இல் 8 கிகாபைட்டு நினைவகம் இருந்தது. எஸ்எல்ஐ நன்கு ஒத்துழைத்த விளையாட்டுகளில் இரண்டு 970 அட்டைகள் ஒரு 1070 க்கு ஈடுகொடுத்தன. ஒத்துழைக்காத விளையாட்டுகளில் அவை ஒரே ஒரு 970 ஆகவே இயங்கின. 1070 இன் வேகமோ எல்லா விளையாட்டுகளிலும் கிடைத்தது. தவிர, அதற்கு மாறுபவர் பழைய அட்டையை விற்றுச் செலவின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளவும் முடிந்தது.

இப்போது ஓர் அட்டை, விலை குறைந்தபின் இன்னொன்று என்ற திட்டம் தொடக்கத்திலிருந்தே பலரைக் கவர்ந்தது. ஆயினும் விலை குறையும் காலத்திற்குள், குறைந்த மின்சாரத்தில் கூடுதல் நினைவகத்துடன் இயங்கும் அடுத்த தலைமுறை அட்டை வெளிவந்துவிடுவது இயல்பாக இருந்தது.

விளையாட்டுகளில் வீழ்ச்சி

2010களில் வந்த விளையாட்டுகள், முந்தைய சட்டத்தின் விவரங்களைப் பயன்படுத்தி அடுத்த சட்டத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் நுட்பங்களைப் பெருமளவில் கையாண்டன. முந்தைய சட்டம் மற்றோர் அட்டையில் இருப்பதால், அதற்காகக் காத்திருக்கவும் தரவைப் படியெடுக்கவும் வேண்டியதாயிற்று. 2015 இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, அட்டைகளைப் பிரித்தாளும் பொறுப்பை விளையாட்டை உருவாக்குவோரிடம் ஒப்படைக்க வழிசெய்தது. இரட்டை அட்டைப் பயனர்கள் சிலரே ஆதலால் பெரும்பாலோர் அவ்வுழைப்பை மேற்கொள்ளவில்லை.

2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையில் எஸ்எல்ஐ வசதி இல்லை. ஏஎம்டியின் 2019 ஆம் ஆண்டு ரேடியான் ஆர்எக்ஸ் 5700 வரிசையில் கிராஸ்ஃபயர் கைவிடப்பட்டது. 2021 ஜனவரி முதல் எஸ்எல்ஐக்கான புதிய விளையாட்டு அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்தியது. ஜிஃபோர்ஸ் 30 வரிசையில் ஆர்டிஎக்ஸ் 3090 வகை அட்டைகளில் மட்டுமே இருந்த என்விலிங்க் இணைப்பு, 2022 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 இல் இடம்பெறவில்லை.

கணிப்பு வேலைகள்

ஒன்றையொன்று சாராத பகுதிகளாகப் பிரிக்கக்கூடிய வேலைகளில் இரண்டாம் அட்டை முழுப்பயன் தருகிறது. பிளெண்டர் மென்பொருளில் ஓர் அசைபடத்தின் வெவ்வேறு சட்டங்களை வெவ்வேறு அட்டைகளில் உருவாக்கினால் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். இங்கு காத்திருந்து பார்ப்பவர் இல்லாமையால் சீரின்மை ஒரு பொருட்டன்று. ஆனால் ஒவ்வோர் அட்டையின் நினைவகத்திலும் முழுக் காட்சியும் அடங்க வேண்டும்.

பெரிய மொழி மாதிரிகளை இயக்குவதில் நிலைமை வேறானது. மாதிரியின் அடுக்குகளில் ஒரு பகுதியை ஓர் அட்டையிலும் எஞ்சியதை மற்றதிலும் வைக்கலாம். 7000 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி ஒன்றை, அளவுருவுக்கு 4 பிட்டுகள் வீதம் சேமித்தால் 35 கிகாபைட்டு ஆகும். இது 24 கிகாபைட்டு கொண்ட ஒரு ஆர்டிஎக்ஸ் 3090 இல் அடங்காது, இரண்டில் அடங்கும். எனினும் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குவதால் வேகம் இரட்டிப்பதில்லை. விளையாட்டுகளில் வேகம் கூடியது, நினைவகம் கூடவில்லை; இங்கு நினைவகம் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை.

தெரிவு செய்தல்

இரண்டாம் அட்டையா, புதிய அட்டையா எனத் தீர்மானிக்கக் கீழ்க்காண்பவை உதவும்.

- விளையாட்டே முதன்மைப் பயன்பாடாயின், ஆற்றல் மிக்க ஒற்றை அட்டையே பொருத்தமானது.
- மையச் செயலியே தடையாயின், இரண்டு வழிகளாலும் பயனில்லை.
- வேலை தனித்தனிப் பகுதிகளாகப் பிரியக்கூடியதும், ஒரே அட்டையின் நினைவகத்தில் அடங்குவதுமாயின், இரண்டாம் அட்டை பயன் தரும்.
- நினைவகம் போதாத நிலையில், பயன்படுத்தும் மென்பொருள் தரவை அட்டைகளிடையே பிரித்துவைக்குமா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.
- கூடுதல் திரைகளை இணைப்பது மட்டுமே நோக்கமாயின், எஸ்எல்ஐ போன்ற இணைப்பு ஏதுமின்றி எளிய இரண்டாம் அட்டையே போதுமானது.
- மின்வழங்கி, தாய்ப்பலகை ஆகியவற்றை மாற்றும் செலவைக் கூட்டியும், பழைய அட்டையின் விற்பனை விலையைக் கழித்தும் பெறப்படும் தொகையே ஒப்பிடத்தக்க உண்மையான விலையாகும்.