மிளகில் மறைந்த பூச்சிக்கொல்லியைக் காட்டிக்கொடுக்கும் அயனி மோதல்

கொச்சி: மட்டாஞ்சேரி வணிகர்கள் ஏற்றுமதி செய்யும் மிளகில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறினால், அயல்நாட்டுத் துறைமுகம் சரக்கைத் திருப்பி அனுப்பக்கூடும். இழப்பு விவசாயியையும் பாதிக்கும். எச்சத்தை முன்கூட்டியே கண்டறிய உதவுவது நிறை நிறமாலைமானி. கொச்சியில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் தர மதிப்பீட்டு ஆய்வகம் 1989-இல் தொடங்கப்பட்டது.

மிளகுச் சாற்றிலுள்ள மூலக்கூறுகள் முதலில் மின்னூட்டம் பெற்று அயனிகளாகின்றன. அவற்றுள் குறிப்பிட்ட நிறையுடையவை மட்டும் பிரிக்கப்பட்டு, சில பத்து எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவுக்குள் செலுத்தப்படுகின்றன.

ஆற்றல் குறைவு என்பதால் அவை தூள்தூளாவதில்லை. மோதலின் ஆற்றல் அதிர்வாகப் பரவி, வலுக்குறைந்த பிணைப்புகள் முறிகின்றன. குளோர்பைரிபாஸ் எனில், 350 நிறையுள்ள அயனி 198 நிறையுள்ள துண்டைத் தரும். அதே நிறையுடைய வேறொரு பொருள் இவ்வாறே உடைவது அரிது. ஆகவே, இத்துண்டுகளே நஞ்சின் கைரேகை.