மீன்தொட்டியில் ஒரு மணி பிளான்ட்

மீன்தொட்டியின் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. செடியையே தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால்?

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியா ஆகின்றன. தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சேரச் சேரப் பாசி மண்டும். செடிக்கோ அதுதான் உரம்!

இதற்குக் கைகண்ட செடி மணி பிளான்ட். கணு உள்ள தண்டு ஒன்றை வெட்டி, மண்ணும் பூச்சிமருந்தும் போகக் கழுவி, கணு நீரில் மூழ்க, இலைகள் வெளியே நிற்க, தொட்டி விளிம்பில் செருகுங்கள். இலை தண்ணீருக்குள் போனால் அழுகும், கவனம். சில வாரங்களில் வேர் எட்டிப் பார்க்கும். பிறகு அது தாடி போல் தொங்க, மீன் குஞ்சுகளுக்கு ஒளிந்து விளையாட இடம் கிடைத்துவிடும். தங்கமீன் இருந்தால் கதை வேறு. வேரைக் கொறித்துப் பார்க்காமல் அதற்குத் தூக்கம் வராது!

செடிதான் இருக்கிறதே என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான்.