உஷார்! மலைக்காட்டைப் 'பசுமை எரிபொருள்' என்பார்கள்

செஞ்சிப் பக்கத்து ஜனங்களே, உஷார்! விறகுக்கு மறுபடியும் கிராக்கி வருகிறது. இந்த முறை அதன் பெயர் பசுமை எரிபொருள். நிலக்கரியை விட்டு மரத்துக்கு மாறும் பாய்லர்காரர் பூமிக்கே உபகாரம் செய்கிறாராம். வெட்டினால் முளைக்கும், ஆகவே தீராது என்பது கணக்கு. எந்த மரம், எத்தனை வருஷத்தில் முளைக்கும் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

ஒரே அளவு சூட்டுக்கு, புகைபோக்கியில் மரம் விடும் கரியமில வாயு நிலக்கரியைவிட அதிகம். வெட்டிய இடத்தில் மரம் வளர்ந்து அதை இழுத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். கொல்லையில் நட்ட சவுக்கு நாலைந்து வருஷத்தில் நேராக்கிவிடும். அதை வெட்டி விற்பவரை நான் குறை சொல்லவில்லை. பக்கமலைக் காப்புக்காட்டிலும் ராஜகிரிக் கோட்டைமலையின் பாறை இடுக்கிலும் வேர்விட்டு நிற்கும் மரம், வெட்டினால் பேரன் காலத்திலும் அந்தப் பருமனுக்கு வராது. எடைமேடையில் ஏறிவிட்டால் இரண்டும் ஒரே டன்தான். ஆபத்து அங்கேதான்.

இது நமக்குப் பழைய கதை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். அந்தக் கால எஞ்சின்கள் மாகாணத்தின் விறகைத் தின்று ஓடின. காடு கரைவதைப் பார்த்துப் பயந்தவர்களில் சென்னையின் முதல் வனப் பாதுகாவலர் கிளெக்ஹார்னும் ஒருவர். எஞ்சினுக்குத் தீனி போடத்தான் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தென்று 1870-களில் இன்னொரு விதையும் வந்தது. ஏரிக்கு ஏரி மண்டிக் கிடக்கும் நம்ம வேலிகாத்தான்தான் அது.

'அந்தச் சனியனையே எரிக்கட்டுமே' என்பீர்கள். எரிக்கட்டும். ஆனால் விலை கிடைக்கும் செடியை எவன் வேரோடு பிடுங்குவான்? அடியில் வெட்டி, துளிர்க்க விட்டு, மறுபடி வெட்டுவான். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் அப்படித்தான் பிழைப்பாகிப்போனது.

சீமையிலும் இதே கூத்து. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் கடல் கடந்து வரும் மர உருண்டைகளை எரித்து, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று மானியம் வாங்குகிறது. எந்த மாதிரி மரம் என்ற விவரத்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று 2024-இல் 2.5 கோடி பவுண்டு கட்ட நேர்ந்தது. அத்தனை கண்காணிப்புள்ள தேசத்திலேயே அப்படியென்றால், ராத்திரி லாரியில் போகும் கட்டை எந்த மலையில் வெட்டியது என்று இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

நம் மத்திய மின்துறை 2021 அக்டோபரில், அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் உயிர்க்கழிவு உருண்டைகளைக் கலக்கச் சொன்னது. அதன் குறி முக்கியமாக வயல் கழிவுமேல். நல்லது, மல்லாட்டைத் தோலும் உமியும் இங்கே இல்லாததா? ஆனால் அவை பருவத்துக்குத்தான் கிடைக்கும். பாய்லர் வருஷம் பூராவும் பசிக்கும். அந்த இடைவெளியில் கோடாரி மலைப்பக்கம் திரும்பிவிடக் கூடாது. டன் கணக்கில் வாங்குகிறவன் வந்துவிட்டால், சிலிண்டர் வாங்க முடியாமல் சுள்ளி பொறுக்கும் கிழவிக்கு மிஞ்சப்போவது என்ன?

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. எல்லார் கண்ணும் மதில்மேலும் களஞ்சியத்தின்மேலும் இருக்கிறது. மலையில் மண்ணைப் பிடித்து நிற்கும் புதரை எவரும் பார்ப்பதில்லை.

விற்கிறவர்கள் கவனிக்க: பட்டா நிலத்தில் நீங்கள் நட்டதை மட்டும் பேசுங்கள். ஏரிக்கரை மரம் உங்களுடையதல்ல. பனையை ஆட்சியர் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. பச்சைக் கட்டையின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர், ஆகவே ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை முன்பணம் வாங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். காப்புக்காட்டுப் பக்கமிருந்து கட்டை இறங்குவதைக் கண்டால், விடியட்டும் என்று இருக்காமல் செஞ்சி வனச்சரகத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள்.