“நீங்க எத்தனை நாளைக்கு டீச்சர்?” - தற்காலிக ஆசிரியையை ஆழம் பார்த்த பிள்ளைகள்!

மதுரை,

பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்வார்கள். உட்கார்ந்த மறுநிமிடமே ஆழம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வந்தவர் ‘தற்காலிகம்’ என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

மதுரைப் புறநகரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 61 பிள்ளைகள் முதல் 90 பிள்ளைகள் வரை இருந்தால் மூன்று ஆசிரியர்கள் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இங்கே அந்த மூன்றாவது நாற்காலி காலி. இருந்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

2022-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அந்த நாற்காலிக்கு ஓர் இளம் ஆசிரியை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆசிரியர் பயிற்சி முடித்தவர். ‘டெட்’ எனப்படும் தகுதித் தேர்விலும் தேறியவர். முதல் வாரத்து அனுபவத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நடுநடுவே குரல் கம்மியது.

“பேரு மட்டும் போட்டுறாதீங்க சார். இன்னும் வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்” என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். போடவில்லை.

13,331 இடம் காலி

அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தற்காலிகமாக நிரப்பச் சொன்ன இடங்கள் மொத்தம் 13,331. அதில் தொடக்கப்பள்ளிகளுக்கான இடைநிலை ஆசிரியர் இடம் மட்டும் 4,989. “பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஆள் போட்டுக்கொள்ளுங்கள்” என்று அரசு சொல்லிவிட்டது. விண்ணப்பம் கொடுக்கக் கல்வி அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. கைக்குழந்தையோடு வந்த பெண்களும் உண்டு.

இதற்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாதாம். தொகுப்பூதியம்! இடைநிலை ஆசிரியருக்கு முதலில் மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஐகோர்ட்டு மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. பிறகு நிபந்தனைகளோடு வழி விட்டது. பின்னால் தொகை 12,000 ரூபாய் ஆயிற்று.

நிரந்தர இடைநிலை ஆசிரியருக்கு வேலையில் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். படிகள் தனி. கரும்பலகை இருவருக்கும் ஒன்றுதான்!

“மூணு கிளாசும் உனக்குத்தான்!”

முதல் நாள் காலை, பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு சாக்பீஸ் பெட்டியையும் வருகைப் பதிவேட்டையும் நீட்டினார்.

“வாம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணு கிளாசும் உனக்குத்தான். எல்லாம் ஒரே ரூம்தான், பயப்படாத.”

எப்படிப் பயப்படாமல் இருப்பது? உள்ளே 34 உருப்படிகள்! ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் புது முகத்தைப் பார்த்ததுமே “எங்க டீச்சர் எங்க?” என்று வீறிட்டு அழ ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் பின்வரிசையில் ஒரு சண்டை. “டீச்சர், இவன் கிள்றான்!” “இல்ல டீச்சர், அவதான் மொதல்ல துப்புனா!”

ஒரு பையன் விரலைக் காட்டி “ஒண்ணுக்கு டீச்சர்” என்றான். போகச் சொன்னார். அவ்வளவுதான், பன்னிரண்டு பேர் வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை. பார்த்தால், குழாயடியில் நீச்சல் போட்டி நடக்காத குறை!

“பழைய டீச்சர்னா ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவாக” என்று ஒரு பெண் குழந்தை பெரிய மனுஷிபோல் எடுத்துச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க இந்தப் “பழைய டீச்சர்” பல்லவி நிற்கவே இல்லையாம். பழைய டீச்சர் இப்படி எழுத மாட்டாக, பழைய டீச்சர் பாட்டுப் பாடுவாக, பழைய டீச்சர் ஸ்டார் போடுவாக!

இரண்டாம் நாள் மத்தியானம் தொண்டை கட்டிவிட்டது. சத்துணவு ஆயா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். தலைமை ஆசிரியை அப்போதுதான் தொழில் ரகசியத்தை அவிழ்த்தாராம்: “கத்தாதம்மா. நீ கத்துனா அதுக அதுக்கு மேல கத்தும். மெதுவாப் பேசு. என்ன சொல்றேன்னு கேக்குறதுக்காவது வாயை மூடும்.”

பிரம்புக்குத் தடை

அன்று சாயங்காலம் ஒரு பையனின் அப்பா வாசலில் வந்து நின்றார். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர். நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார். நம் ஊரில் பரம்பரை பரம்பரையாகச் சொல்லும் வசனம். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது. நிரந்தர ஆசிரியருக்கே அப்படி என்றால் தற்காலிகம் எம்மாத்திரம்?

பிரம்புக்குப் பதில் அவர் பிடித்தது பெயர்களை. யார் எந்த இடத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டார். டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே மனப்பாடம் செய்தார். (சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021 மே மாதம் வந்த உத்தரவு, இந்த ஊதியத்துக்குப் பெரிய உபகாரம் என்கிறார்.) மூன்றாம் நாள் காலை 34 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வகுப்பு ஒரு நிமிடம் கப்சிப்!

“பேரு தெரிஞ்சிருச்சுன்னா பாதிச் சேட்டை போயிரும் சார். ‘ஏய், சிவப்புச் சட்டை’ன்னு கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான்?”

மூன்றாம் வகுப்பில் ‘அரும்பு’

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய வருடம் அது. ஒன்று முதல் மூன்று வரை எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பை வைத்துப் பார்க்காமல், தெரிந்ததை வைத்துப் பிரிக்க வேண்டும். எழுத்தே தெரியாதவர் அரும்பு. கொஞ்சம் தெரிந்தவர் மொட்டு. வகுப்புக்கு ஏற்றபடி படிப்பவர் மலர். பெயரெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி முடிந்த பிறகுதான் நம் புது டீச்சர் வந்து சேர்ந்தார். கையேட்டை ராத்திரி வீட்டில் படித்துவிட்டுக் காலையில் பாடம் நடத்த வேண்டிய நிலை!

மூன்றாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு ‘அ’வும் ‘ஆ’வும் குழம்பின. மந்தப் பிள்ளைகளா? அதுதான் இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. இவர்கள் ஒன்றாம் வகுப்பு வாசலையே மிதிக்காமல் இரண்டுக்கு வந்தவர்கள். செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளை கொஞ்சம் தப்பித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

இது அவருக்குப் புதிதல்ல. ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் சாயங்கால வகுப்பு நடத்தியவர். “அங்க அதுகளா வந்து உக்காரும். இங்க நாம போய் உக்கார வைக்கணும். அதான் வித்தியாசம்” என்கிறார்.

நான்காம் நாள் ஒரு விஷயம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் 11 மணிக்குப் பலகையில் தலை சாய்த்துவிடுவான். திமிர் என்றுதான் நினைத்தாராம். ஆயா காதோடு சொன்னார்: “அவுக அம்மா விடிகாலையில கொத்தனார் வேலைக்குப் போயிருவா டீச்சரம்மா. பய ஒண்ணும் சாப்பிடாம வர்றான். மத்தியானச் சோறுதான் அவனுக்கு மொதச் சோறு.” மறுநாள் முதல் டீச்சர் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. ஒருவனுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? கணக்கு அங்கேதான் உதைத்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி நம் மதுரையில்தான் தொடங்கியது. ஆனால் முதல் கட்டம் 1,545 பள்ளிகளுக்குத்தான். இந்தப் பள்ளிக்கு உப்புமா வந்து சேர்ந்தது 2023 ஆகஸ்டில், எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொடுத்தபோது.

பதில் சொல்ல முடியாத கேள்வி

வெள்ளிக்கிழமை கடைசி மணி. பை மாட்டிக்கொண்டு நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்:

“டீச்சர், நீங்க எத்தனை நாளைக்கு?”

உத்தரவில் தெளிவாகவே இருந்தது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை. வராவிட்டாலும் அந்தக் கல்வியாண்டோடு சரி. அதை எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

“திங்கக்கிழமை வருவேன். நீ வருவியா?” என்று கேட்டாராம். அவள் தலையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். “அதுக சேட்டை பண்ணுனதே அதுக்குத்தான் சார். இவளும் போயிருவாளோன்னு பாத்துச்சுக” என்றார். குரல் கம்மியது இந்த இடத்தில்தான்.

2023 ஏப்ரலோடு அவர் வேலை முடிந்தது. ‘டெட்’ தேறினால் மட்டும் நிரந்தர வேலை கிடைக்காது, தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்பது 2018-ல் வந்த உத்தரவு. இடைநிலை ஆசிரியருக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலை 21-ந் தேதி நடந்தது. எழுதினார். இடம் கிடைக்கவில்லை. இப்போது வேறொரு பள்ளியில் வேலை. அங்கேயும் தற்காலிகம்தான்.

“போன மொத நாளே கட்டம் போட்டுப் பேரெல்லாம் எழுதிட்டேன் சார். ஒண்ணுக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் விட்டேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.