பால்மரத்தில் இருந்த வைட்டமின்

மலேசியாவில் லாபு, ரந்தாவ், லிங்கி பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, பட்டையைச் சீவி மங்கை வைத்த தலைமுறை அது. மங்கில் சொட்டிய பாலில் வைட்டமின் ஈ இருந்தது என்றால்தான் நம்பமாட்டார்கள்.

வைட்டமின் ஈ ஒரே பொருள் அல்ல, எட்டு உருப்படி கொண்ட குடும்பம்: நான்கு டோகோஃபெரால், நான்கு டோகோட்ரையினால். 1922இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் இந்த வைட்டமினைக் கண்டறிந்தார்கள். அது இல்லாத தீனி தின்ற எலிகளுக்குக் கரு தங்கவில்லை. டோகோட்ரையினாலோ 1960களின் நடுவில்தான் அடையாளம் காணப்பட்டது, அதுவும் ரப்பர் பாலில்! ஆக்சிஜன் பட்டுக் கொழுப்பு காறிப்போகாமல் காப்பது வைட்டமின் ஈயின் வேலை. நம் உயிரணுக்களின் உறையிலும் அதே காவல்தான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் இந்தச் சரக்கு தோட்டத்தை விட்டுப் போகவில்லை. ஒரு கிலோ கச்சா செம்பனை எண்ணெயில் 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை வைட்டமின் ஈ உண்டு, பெரும்பகுதி டோகோட்ரையினால். ஆலையில் சிவப்பையும் வாடையையும் போக்கச் சூடேற்றும்போது ஒரு பங்கு ஆவியோடு வெளியேறிவிடும். ஆவியைக் குளிரவைத்துச் சேரும் அந்தக் கசடிலிருந்தும் மாத்திரைக்காரர்கள் வைட்டமினைப் பிரித்தெடுக்கிறார்கள்.

மாத்திரை வேண்டுமா என்றால், எனக்குத் தயக்கம்தான். கல்லீரல் ஆல்ஃபா டோகோஃபெராலையே தேர்ந்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. டோகோட்ரையினாலுக்கு அங்கே அவ்வளவு மரியாதை இல்லை. ஆய்வகத்தில் அது காட்டிய வித்தைகள் மனிதரிடம் இன்னும் உறுதிப்படவில்லை. டோகோஃபெராலே அளவு மீறினால் வம்பு: சுமார் 35,000 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், தினம் 400 யூனிட் விழுங்கியவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்ததை 2011இல் அறிவித்தார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும். கச்சான், பாதாம், சூரியகாந்தி எண்ணெய், கீரை எல்லாவற்றிலும் அது கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் மட்டும் சொற்பம். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளைத் தவிர, பற்றாக்குறை வருவது அரிது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டாம். இரத்தக்கசிவு கூடும், மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.