நின்ற உதவியும் மீண்ட உதவியும்

தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று ஒருகொடவத்தையைக் கடப்போர், களனி கங்கையின் மேல் எழுந்து நிற்கும் புதிய பாலத்தைக் காண்பர். ஜப்பானின் கடனுதவியுடன் நிர்மாணிக்கப்பட்டு 2021 நவம்பரில் திறக்கப்பட்ட பாலம் அது. அதே ஜப்பானின் நிதியில், பொறளை வழியாக மாலபேயையும் கோட்டையையும் இணைக்கவிருந்த இலகு ரயில் பாதையோ வெறும் வரைபடமாகவே நின்றுவிட்டது.

15.7 கிலோமீற்றர் நீளமான அத்திட்டத்துக்கான முதலாவது கடன் ஒப்பந்தம் 2019 மார்ச்சில் கைச்சாத்தானது. தொகை சுமார் 3,000 கோடி யென். பிரதான பணிகளுக்கு வட்டி வருடத்துக்கு 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்த 40 வருட அவகாசம், அதில் முதல் 12 வருடங்கள் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து சென்ற ஒரு கடிதம், செலவு மிகுந்தது எனக் கூறி அதனை முடிவுக்குக் கொண்டுவருமாறு பணித்தது. ஆறு, ஏழு சதவீத வட்டிக்கு சர்வதேச முறிகளை விற்றுக் கடன்பட்ட நாடு, இக்கடனைச் செலவு மிகுந்ததெனக் கருதியமை விந்தையே. 2023 மேயில் டோக்கியோ சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இதற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இந்த முறிவையும் 2022இல் ஏற்பட்ட இடைநிறுத்தத்தையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அது சரியன்று. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இலங்கை தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. பழைய கடனைச் செலுத்த இயலாது என்று கூறும் நாட்டுக்குத் தனது பொதுப்பணத்திலிருந்து புதிய தவணைகளை விடுவிக்க அரசுகள் தயங்குவது இயல்பு. ஆகவே ஜப்பான் கடன் தவணைகளை நிறுத்தியது, நன்கொடைகளை நிறுத்தவில்லை. கடனும் நன்கொடையும் 'உதவி' என்ற ஒரே பெயரில் வழங்கப்படுவதால் இவ்வேறுபாடு நம்மவர் கண்ணில் படுவதில்லை.

2024 ஜூன் 26ஆம் திகதி, இலங்கைக்குக் கடன் வழங்கிய நாடுகளின் குழுவுடன் 580 கோடி டொலர் கடனை மறுசீரமைக்கும் உடன்பாடு எட்டப்பட்டது. அடுத்த மாதமே 11 திட்டங்களுக்கான தவணைகளை மீள வழங்க ஜப்பான் தீர்மானித்தது. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கமும் அநுராதபுரம் வடக்கு நீர் வழங்கல் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் அவற்றில் அடங்கும். பணம் மீண்டது, இழந்த இரண்டு வருடங்கள் மீளவில்லை. விமான நிலையம் தாமதித்தால் பிரயாணிகள் நெரிசலைச் சகித்துக்கொள்வர். சிறுநீரக நோய் பரவியுள்ள அநுராதபுரத்துக் கிராமங்களில் சிங்களவரும் முஸ்லிம்களுமாகப் பலர் அத்தனை காலமும் குடித்தது கிணற்று நீரையே.

வழங்குபவரின் வீட்டு அரசியலால் நிற்கும் உதவி வேறொரு வகை. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். வடக்கில் அமெரிக்க நிதியில் நடைபெற்ற கண்ணிவெடி அகற்றும் பணிகளையும் அது தொட்டது. அங்கே இலங்கை எந்த ஒப்பந்தத்தையும் முறிக்கவில்லை. எந்தத் தவணையையும் தவறவிடவில்லை. கடன் நின்றால் பேசித் தீர்க்க ஒரு மேசை உண்டு. நன்கொடை நின்றால் அதுவும் இல்லை. கண்ணிவெடி அகற்றப்படாத காணியின் உரிமையாளர் தமது வேலிக்கு வெளியே நின்று காத்திருக்க வேண்டியதுதான்.